கதவுக் கண்ணுக்கு வச்ச பொட்டு

மொதல்ல எனக்குத் தப்பு செஞ்சவன் ரெஜினோல்ட்டு, தம்பி. அதக் கேட்டுட்டு அப்பறம் ஒங்க தாள்ல எழுதுங்க. இந்தக் கராஜுக் கதவுக் கண்ணு ரெண்டையும் யாரு கழட்டுனதுன்னு தானே கேட்டீங்க? சொல்றேன். ஆனா கதவுல இருந்து ஆரம்பிச்சா என் பக்கத்து ஞாயம் ஒண்ணுமே வெளிய வராது.

அந்த டயர் மேல உக்காருங்க, தொடச்சுத்தான் வச்சிருக்கேன். சமைக்கிற புள்ள நிரோஷா பிளேன்டீ கொண்டு வரும். ஹில்மின்னு தானே பேரு சொன்னீங்க? சரி.

பதிமூணு வருஷத்துக்கு முந்தி நானும் அவனும் மேல தோட்டத்துல ஒரே லயத்து வரிசை வீட்டுல இருந்தோம். நான் ரப்பர் பால் வெட்டுறவன். அவன் தோட்டத்து லொறி ஓட்டுனான். ஒரு நா பொகை வீட்டுல காயப் போட்டிருந்த ரப்பர் சீட்டு அஞ்சு கட்டக் காணோம். இவன் போயி கங்காணிகிட்ட, கன்னையா அண்ணன் விடிய அந்தப் பக்கமாப் போனதப் பாத்தேன்னு சொல்லிட்டான். போனேன் தான். இல்லேங்கல. என் ஆடு கயித்த அத்துக்கிட்டுப் போயிருச்சு, அதத் தேடிப் போனேன். ஆட்ட யாரு பாத்தா? என்னயத்தான் பாத்தாங்க. மூணு வாரம் எனக்கு வேல குடுக்கல. கடைசில ஸ்டோர்காரனே மாட்டுனான். தொரை கூப்பிட்டு வேலைக்கு வான்னுட்டாரு, அதோட சரி. இவன் மட்டும் வாயத் தெறக்கல. அண்ணே, நான் தப்பாச் சொல்லிட்டேன். அம்புட்டுத்தான் வேணும் எனக்கு. நாலே நாலு வார்த்த. இன்னைக்கும் லயத்துப் பக்கம் போனா எனக்குப் பேரு சீட்டுக் கன்னையா.

அன்னைக்கு முடிவு பண்ணுனேன், இவன் பேர என் வாயால சொல்றதில்லன்னு. அதுக்கப்பறம் நான் அந்தப் பேர எடுத்தது இப்ப ஒங்ககிட்டத்தான்.

இல்ல தம்பி, கதவுக்குத்தான் வர்றேன். ஒங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமிருக்கு, அவிசாவள பஸ்ஸு நாலரைக்குத்தான்.

இந்த மொதலாளி மாத்தயா வீட்டுக்கு நான் தோட்டம் கூட்ட வந்து ஏழு வருஷம். நான் வந்த அடுத்த வருஷம் பாத்தா, புது டிரைவர்னு இவன் வந்து நிக்கிறான். என்ன செய்ய? வேலைய விட ஏலாது. பேசாமலே இருந்துக்கிட்டோம். எதுன்னாலும் நிரோஷா வழியாத்தான். நிரோஷா, கார வெளிய எடுக்கச் சொல்லு, தண்ணி அடிக்கணும்பேன். அவன் ரெண்டடி தள்ளித்தான் நிப்பான், காதுல விழும், ஆனா அசைய மாட்டான். அந்தப் புள்ள குசினியில இருந்து வந்து, எடுக்கட்டாம்னு சொன்னாத்தான் சாவியத் தொடுவான். ஒரு நா அது வீட்டம்மா நோனாகிட்டயே கேட்டுருச்சு, எனக்கு ரெண்டு சம்பளம் தாங்க நோனா, சமைக்க ஒண்ணு, இவங்க ரெண்டு பேருக்கும் போன் மாதிரி நிக்க ஒண்ணுன்னு.

சிரிங்க, சிரிங்க. நானும் அப்ப சிரிச்சேன்.

இந்தக் கதவப் புதுசாக் கொண்டாந்து பூட்டுனப்ப ஒங்க கம்பெனி ஆளு ஒருத்தர் எனக்குத்தான் எல்லாத்தையும் காட்டிக் குடுத்தாரு. நெலத்துல இருந்து ஒரு சாண் ஒசரத்துல ரெண்டு பக்கமும் கண்ணு, ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டே இருக்கும், நடுவுல பூனை நின்னாலும் கதவு எறங்காது. அதையும் தாண்டி எறங்குனா, எது மேலயாவது பட்டதும் திரும்ப மேல போயிரணும். மாசம் ஒருக்கா கண்ணத் தொடச்சு, கீழ பலகைய வச்சுப் பாக்கணும்னாரு. ஒவ்வொரு பௌர்ணமி போயா அன்னைக்கும் செஞ்சேன் தம்பி. ஒரு மாசம் விடல. பலகையத் தொட்டுட்டுக் கதவு மேல போறப்ப எனக்கே ஒரு சந்தோசமா இருக்கும்.

போன சரசுவதி பூசைக்குத்தான் கெட்டுச்சு. எங்க ஆளுகளத் தெரியுமே. பூசை அன்னைக்குத் தோட்டத்து பெக்டரியில ஒரு மிசினு பொட்டு இல்லாம நிக்காது. நானும் இங்க மம்பட்டிக்கு வச்சேன், புல்லு வெட்டுற மிசினுக்கு வச்சேன், தண்ணி மோட்டருக்கு வச்சேன். அவன் ஓட்டுற காருக்கும் வச்சேன், காரு என்ன பாவம் பண்ணுச்சு. கடைசியா இந்தக் கதவு. நான் மாசாமாசம் தொடைக்கிற கண்ணு ரெண்டும் இருக்கே, அத விட மனசு வரல. கண்ணாடி மேலயே, நல்லா அப்பி, சந்தனமும் குங்குமமும் வச்சுக் கும்பிட்டேன்.

ஆமா, அந்தக் கண்ணாடி மேலயேதான்.

சாயங்காலம் கதவு வரமாட்டேங்குது. ஒரு சாண் எறங்குது, லைட்டு சிமிட்டுது, மேல போயிருது. அவன் குனிஞ்சு பாத்துட்டு நோனாகிட்ட சிங்களத்துல சொல்றான், கதவுக்கு சாமி வந்திருச்சு நோனா, கன்னையா கண்ணுல சந்தனத்த அப்பிட்டாருன்னு. நோனா வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. மாத்தயா சிரிக்கல. நான் ஈரச் சாக்கப் போட்டு அழுத்தித் தேச்சேன். தேச்ச தேப்புல அந்தக் கண்ணு திரும்பிருச்சு போல, ஒண்ணு தரையப் பாக்குது, ஒண்ணு வானத்தப் பாக்குது. மறுநாளும் கதவு வரல. வயசாளிய வச்சிருந்தா இப்படித்தான்னு மாத்தயா சொன்னது என் காதுல விழுந்துச்சு.

ஒங்கள அப்பவே கூப்பிட்டிருக்கணும். கூப்பிட்டா, எதுனால கெட்டுச்சுன்னு கேப்பீங்க. அவனும் பக்கத்துல நிப்பான்.

என் தங்கச்சி மகன் சுதாகரன் கொழும்புல சட்டர் கதவு விக்கிற கடையில இருக்கான். அவனுக்குப் போன் போட்டேன். மாமா, ரெண்டையும் கழட்டி, மூஞ்சிக்கு மூஞ்சி வச்சு டேப்பால சுத்தி, வயர நீட்டி மேல எங்கயாச்சும் வச்சிருங்க, கதவு ஏமாந்துரும்னான். அப்படியே செஞ்சேன். ஒங்க கையில இருக்கே, அது என் டேப்புத்தான். கதவு வழுக்கிக்கிட்டு எறங்குச்சு. மாத்தயா என் தோள்ல தட்டி, ஹொந்தாய் கன்னையான்னாரு. நல்லாச் செஞ்சிட்டேன்னு. இவனுக்கு முன்னுக்கு நின்னு சொன்னாரு தம்பி. பதிமூணு வருஷத்துல அவனுக்கு முன்னுக்கு என்னய ஒருத்தரு நல்ல வார்த்த சொன்னது அதுதான். அதுக்கப்பறம் அந்த டேப்பப் பிரிக்க எனக்குக் கை வரல.

மழைக்குக் கதவு அடியில இருக்க ரப்பர் பட்டி ஊதிச் சிக்கிக்கிச்சு, பாதியில நின்னு நின்னு திரும்புச்சு. மேல மோட்டரு பொட்டியில ஒரு ஸ்குரூ இருக்குல்ல, அதையும் முழுசாத் திருகி விட்டேன். கதவுக்குப் பலம் கூடிருச்சு, எது தடுத்தாலும் திரும்பல. அந்த போயாவுல இருந்து பலகை வைக்கல. மறந்து போயில்ல. வச்சா என்ன ஆகும்னு தெரியும். இன்னைக்கு நீங்க வச்சீங்களே, அப்பளம் மாதிரி நொறுக்குச்சே, அதப் பாக்கப் பயந்துதான் வைக்கல.

ரெண்டு வாரம் ஆச்சு. காலையில வாசப்படியோரத்துத் தண்ணி ஓடுற கானுக்குள்ள காரு சாவி விழுந்திருச்சு. இவன் கராஜு வாசல்ல கவுந்து படுத்து, தோள் முட்டக் கைய உள்ள விட்டுத் துழாவுறான். ரிமோட்டு அவன் கால்சட்டைப் பையில. படுத்ததுல அது அமுங்கிருச்சு. மேல மோட்டரு ஓட ஆரம்பிச்சுச்சு. அவனுக்கும் கேட்டுச்சு. தலையத் திருப்பி ஒரு தடவ மேல பாத்தான், திரும்பத் துழாவுறான். கண்ணு பாத்துக்கும்னு நெனச்சிட்டான். கண்ணு ரெண்டும் மேல அலுமாரிக்குள்ள ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டுக் கெடக்குன்னு தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்.

தோள் எலும்பு. ரெண்டு எடத்துல. நான்தான் மோட்டர விடுவிக்கிற செவப்புக் கயித்த இழுத்துக் கதவத் தூக்கிவிட்டேன். தகடு வச்சுத் தச்சிருக்காங்க. வலது கை தோளுக்கு மேல வராதாம், இனி காரு ஓட்டுறது செரமம்தான். நிரோஷாவோட ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தேன். சாப்பாட்டுக்கு முந்தி இடது கையால சிலுவ போட்டுக்கிட்டு இருந்தான். என்னயப் பாத்துட்டு அந்தப் புள்ளகிட்டச் சொன்னான், அவர உக்காரச் சொல்லுன்னு. உக்காந்தேன். அரை மணி நேரம் இருந்தேன். மாத்தயாகிட்ட அவன் என்ன சொல்லியிருக்கான்னா, ரிமோட்டப் பையில வச்சது என் பிழை, கதவுல ஒண்ணுமில்லன்னு.

கத்தலியாவா? நான் எங்க நின்னேனா? அந்தா, தொடப்பம் சாத்தியிருக்குல்ல, அங்கதான். ரப்பர் எலை கூட்டிக்கிட்டு நின்னேன். பத்து எட்டு இருக்கும். கதவு எறங்கி முடிய எம்புட்டு நேரம் ஆகும்னு ஒங்களுக்குத்தான் தெரியுமே. ஒரு ஆளு எந்திரிச்சு உக்காந்து ஒடம்பத் தட்டிக்கலாம்.

கத்துனேன் தம்பி. கத்தாம இருப்பேனா. தொண்ட கிழியத்தான் கத்துனேன். நிரோஷா, அவர எந்திரிக்கச் சொல்லுன்னு கத்துனேன்.

அது குசினியில தேங்கா துருவிக்கிட்டு இருந்திச்சு. எப்பயும் போல கையத் தொடச்சுட்டு வந்துச்சு.

எழுதிக்கங்க. கழட்டுனது கன்னையான்னு எழுதுங்க, மாத்தயாகிட்டயும் காட்டுங்க. சீட்டுக் கன்னையான்னு மட்டும் போட்டுறாதீங்க. ஒழுங்காப் பாத்துக் கண்ணு ரெண்டையும் பழையபடி கீழயே பூட்டிருங்க. அவன் வெள்ளிக்கெழம வீட்டுக்கு வர்றானாம், நிரோஷா சொன்னுச்சு. வரட்டும். நான் போய்ப் பாப்பேன், உக்காருவேன். ஆனா அந்த நாலு வார்த்தய அவன் இன்னும் எனக்குச் சொல்லல தம்பி.