வெண்கலத்துக்குத் தொண்டை கட்டிய சாயங்காலம்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. சுவரில் சாய்கிறவர்கள் சாய்ந்துகொள்ளுங்கள், கால் நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். தேர்தலில் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு பேரின் கதை சொல்கிறேன். ஒருவர் ஊர் டாக்டர், பெண்பிள்ளை. இன்னொருவருக்கு ஊர் வைத்த பேர் வெண்கலம். தெருவின் இந்தக் கோடியில் அவர் தும்மினால் அந்தக் கோடியில் தொட்டில் குழந்தை முழித்துக்கொள்ளும், அப்படிக் குரல். அந்தக் குரலாலேயே கவுன்சிலர் ஆனவர். அன்றைக்குச் சாயங்காலம் பள்ளிக்கூட மண்டபத்தில் இரண்டு பேரும் ஒரே மேடையில் பேசவேண்டும். அதற்குக் கொஞ்சம் முன்னால் வெண்கலமும் அவர் மனைவியும் கிளினிக்கின் பின்கதவு வழியாக நுழைகிறார்கள். அந்தம்மாவை டாக்டர் அண்ணி என்றுதான் கூப்பிடுவார், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். இனி நான் வாயை மூடிக்கொள்கிறேன். அவர்கள் பேசுவதைக் கேளுங்கள்.

அண்ணி: ...அதான் பின்பக்கமா வந்தோம் டாக்டரம்மா. முன்பக்கம் உங்க ஆளுங்க கொடி கட்டிக்கிட்டு நிக்கறாங்க.

டாக்டர்: என் ஆளுங்களா? எனக்கு இருக்கறதே நாலு பேர். அதுல ரெண்டு பேர் சர்க்கரை டெஸ்டுக்கு வந்தவங்க, சும்மா நிக்கறாங்களேன்னு கொடியைக் கையில கொடுத்திருக்காங்க. உட்காருங்க அண்ணி. அண்ணே, நீங்களும்.

அண்ணி: உங்க கையில என்ன அது? பிரஷர் பாக்கற பட்டைதானே? உங்களுக்கு நீங்களேவா கட்டிக்கிட்டீங்க?

டாக்டர்: இதுவா... மிஷின் சரியா இருக்கான்னு பார்த்தேன்.

அண்ணி: சரியா இருக்கா?

டாக்டர்: கொஞ்சம்... ஜாஸ்தியாக் காட்டுது. அதை விடுங்க. அண்ணனுக்கு என்ன? இந்த வேக்காட்டுல மப்ளரை இத்தனை சுத்துச் சுத்தியிருக்கார்?

வெண்கலம்: ...

அண்ணி: குரல் போயிடுச்சு.

டாக்டர்: அண்ணனுக்கா? எப்போ?

அண்ணி: மத்தியானம். காலைல நல்லாத்தான் இருந்தார். குளிக்கும்போது பாடினார், பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். அப்புறம் சாப்பிட உட்கார்ந்தார். இன்னைக்கு மண்டபத்துல ஜனங்களும் எழுந்து கேள்வி கேட்கலாமாம்னு யாரோ சொல்லிட்டுப் போனாங்க. சோத்துல கை வெச்சவர் கையை எடுத்துட்டார். பேசச் சொன்னா காத்துதான் வருது.

வெண்கலம்: ... ...

டாக்டர்: கையை ஆட்டறாரே, என்ன சொல்றார்?

அண்ணி: ஊசி போடச் சொல்றார்.

வெண்கலம்: ... ... ...

டாக்டர்: வேண்டாம்னு சொல்ற மாதிரி இருக்கே அண்ணி.

அண்ணி: கல்யாணமானதுலேருந்து பார்க்கறேன் டாக்டரம்மா. அவர் வேண்டாம்னு கையை ஆட்டினா வேணும்னு அர்த்தம். அப்படித்தான் எங்க வீட்டுல ஃப்ரிட்ஜ் வந்துது.

டாக்டர்: ஊசி இருக்கு. போட்டா ஒரு சாயங்காலத்துக்கு நிஜமாவே குரல் வரும். ஆனா தொண்டை புண்ணா இருக்கும்போது அந்தத் தெம்புல மேடையேறிக் கத்தினா உள்ளே ரத்தம் கட்டிக்கும். அப்புறம் ஆயுசுக்கும் தகரம்தான். முதல்ல பார்த்துடுவோம். வாயைத் திறங்கண்ணே.

அண்ணி: தொண்டை பார்க்கற அந்தக் குட்டிக் கண்ணாடியை ஏன் விளக்குல காட்டறீங்க?

டாக்டர்: சூடு பண்ணலேன்னா மூச்சு பட்டு மங்கிடும். பயப்படாதீங்கண்ணே, என் கையில வெச்சுப் பார்த்துட்டேன், சுடாது. நாக்கை நீட்டுங்க... இன்னும் கொஞ்சம்... எதிர்க்கட்சிக்கு நீட்டற மாதிரி நீட்டுங்க, எதிர்க்கட்சி எதிர்லதான் இருக்கேன்.

அண்ணி: உங்க கையில அந்தப் பட்டையை இன்னும் கழட்டலையே?

டாக்டர்: அது இருக்கட்டும். அண்ணே, 'ஈ' சொல்லுங்க.

வெண்கலம்: ...

டாக்டர்: சத்தம் வராட்டிப் போகுது. சொல்ற மாதிரி செய்யுங்க.

வெண்கலம்: ...

டாக்டர்: ம்.

அண்ணி: என்ன?

டாக்டர்: ம்ம்... ம்.

அண்ணி: டாக்டருங்க ஒரு 'ம்' போட்டாலே உயில் எழுதத் தோணும். நீங்க அடுக்கிக்கிட்டே போறீங்க.

டாக்டர்: தெரிய வேண்டியது தெரிஞ்சுது அண்ணி. வாயை மூடிக்கலாம்ண்ணே.

அண்ணி: பெரிசா ஏதாவது...

டாக்டர்: உயிருக்கு ஒண்ணுமில்ல. ஆனா பேசக்கூடாது.

அண்ணி: எத்தனை நேரம்?

டாக்டர்: இன்னைக்குப் பூரா. குசுகுசுன்னுகூடப் பேசக்கூடாது.

அண்ணி: டாக்டரம்மா, மனசுல வெச்சுக்காதீங்க, கேட்டுடறேன். நாளை மறுநாள் ஓட்டு. எதிர்த்து நிக்கறது நீங்க. வாயை மூடுன்னு வைத்தியம் சொல்றதும் நீங்க. ஊர் என்ன பேசும்?

டாக்டர்: அதை நினைச்சுத்தான் எனக்கும் சிரிப்பு வருது. ஓய்வு எடுங்கன்னா சதி. ஊசி போட்டுத் தொண்டையைக் கெடுத்து அனுப்பினா, ஆகா என்ன பெருந்தன்மைன்னு கைதட்டுவாங்க.

அண்ணி: நான் ஒண்ணு கேட்கறேன். கை நிறைய நோயாளிங்க இருக்காங்க. பேசாம வைத்தியம் பார்த்துக்கிட்டு இருக்காம உங்களுக்கு எதுக்கு இந்தத் தேர்தல்?

டாக்டர்: பேசாம வைத்தியம் பார்த்துப் பார்த்துத்தான் அண்ணி. பள்ளத்தெருக் குழந்தைங்க ஒவ்வொரு மழைக்கும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வரிசையா வருது. மாத்திரை எழுதறேன். தண்ணியில உப்பும் சர்க்கரையும் கலந்து குடுங்கன்னு அம்மாக்காரிங்ககிட்ட சொல்றேன். எந்தத் தண்ணியில? அதே குழாய்த் தண்ணியில. காய்ச்சிக் குடுங்கன்னு சொன்னா, அடுப்பெரிக்கக் காசு யார் குடுப்பாங்கன்னு கேட்கறாங்க. சாக்கடைக்குள்ள ஓடற குழாய்க்கு நான் எந்த மாத்திரையை எழுதறது?

வெண்கலம்: க்க்கும்.

அண்ணி: ஏங்க, இருமினீங்களா? கணீர்னு வந்துதே.

டாக்டர்: இருமல் வேற வழியா வரும் அண்ணி.

அண்ணி: வேற வழியா? தொண்டையில எத்தனை வழி இருக்கு?

டாக்டர்: நான் டாக்டரா, நீங்க டாக்டரா?

அண்ணி: சரி, சரி. ஆனா குழாய்க் கதையை எங்ககிட்டக்கூடச் சொன்னாங்களே. இவர்தான் மேடையில அழகா பதில் சொல்லிட்டாரே.

டாக்டர்: அழகாத்தான் சொன்னார். நானே கேட்டேன். இந்த நாற்காலியில உட்காருற நோயாளிங்க இருக்காங்களே, எவ்வளவு சாராயம் குடிக்கறீங்கன்னு கேட்டா பாதிதான் சொல்வாங்க. நான் மனசுக்குள்ள ரெட்டிப்பாக்கிக்குவேன். மேடையில தலைகீழ். செஞ்சதை ரெட்டிப்பாச் சொல்வாங்க, கேட்கறவங்க பாதியாக்கிக்கணும். ரெண்டு கணக்கும் போட்டுப் போட்டு எனக்கு யாராவது உள்ளதை உள்ளபடி சொன்னா சந்தேகமா இருக்கு.

அண்ணி: அப்போ இன்னைக்கு உங்களுக்கு நல்ல நாள். இவர் வாய் திறக்க மாட்டார், நீங்க மட்டும் மைக்கைப் பிடிச்சு வெளுத்து வாங்கலாம்.

டாக்டர்: அதான் இல்ல. நானும் பேசலை.

அண்ணி: என்னது?

டாக்டர்: அண்ணனைப் பேசாதீங்கன்னு சொல்லிட்டு நான் மட்டும் பேசினா நியாயமா? அதே வைத்தியம் எனக்கும்.

அண்ணி: டாக்டரம்மா, உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனே. இப்படி ஒரு மனசு... ஏங்க, பாருங்க, இவங்களையா எதிர்த்து நிக்கறீங்க? வெக்கமா இல்ல?

வெண்கலம்: ...

டாக்டர்: அதெல்லாம் பெரிய வார்த்தை. தண்ணி கொஞ்சம் எடுத்துக் கொடுங்க.

அண்ணி: மேடையில ரெண்டு பேரும் உம்முன்னு உட்கார்ந்தா கூட்டம் நாற்காலியையா வேடிக்கை பாக்கும்? யார்தான் பேசறது?

டாக்டர்: நீங்க.

அண்ணி: நானா? எனக்கு என்ன தெரியும்?

டாக்டர்: அண்ணன் வாயே திறக்காம பேசினதுக்கெல்லாம் அர்த்தம் சொன்னீங்களே, அது போதும்.

வெண்கலம்: ... ... ... ...

அண்ணி: சந்தோஷமா சரிங்கறார்.

மண்டபம் நிரம்பிவிட்டது கண்ணுகளா, ஜன்னலில்கூட ஆட்கள். மேடையில் இரண்டு நாற்காலி, அதில் வாய் மூடிய இரண்டு வேட்பாளர்கள். மைக் அண்ணியின் கையில்.

அண்ணி: எல்லாரும் உட்காருங்க. டாக்டரம்மாவும் எங்க வீட்டுக்காரரும் இன்னைக்குப் பேச மாட்டாங்க. வைத்தியம். சிரிக்காதீங்க, நிஜமாத்தான். அதனால நீங்க பேசுங்க.

தையல்காரி: நாங்களா? நாங்க கைதட்டத்தானே வந்தோம்.

அண்ணி: கைதட்டறதுக்கு இன்னைக்கு ஒண்ணும் இல்ல. கேளுங்க.

பால்காரர்: நடுவுல குறுக்கே பேசி வாயை அடைக்க மாட்டாங்களே?

அண்ணி: முடியாது. டாக்டர் உத்தரவு.

தையல்காரி: அப்படின்னா கேட்கறேன். வெண்கலம் அண்ணே, பள்ளத்தெருக் குழாயைச் சாக்கடைக்குள்ள விட்டது உங்க காலத்துலதானே? காலைல திறந்தா முதல்ல வாடை வருது, அப்புறம்தான் தண்ணி வருது. போன தடவை கேட்டப்போ எவ்வளவு அழகாப் பேசினீங்க. நான்கூடக் கைதட்டினேன். வீட்டுக்குப் போய்த் திறந்தா அதே வாடை.

அண்ணி: தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

பால்காரர்: டாக்டரம்மாவுக்கும் ஒண்ணு இருக்கு. என் பேரனை ஒவ்வொரு மழைக்கும் தூக்கிக்கிட்டு வரேன். அன்பாத்தான் பார்க்கறீங்க, இல்லேங்கலை. ஆனா இது தண்ணியால வந்த நோய்னு ஒரு தடவை சீட்டுல எழுதிக் கொடுத்தீங்களா? கொடுத்திருந்தா அதைக் கையில வெச்சுக்கிட்டு நாங்களே ஆபீஸ் வாசல்ல போய் உட்கார்ந்திருப்போம். தேர்தல் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லையே.

அண்ணி: அவங்களும் குனிஞ்சுக்கிட்டாங்க. ரெண்டு பேரும் ஜோடியாத் தரையைப் பார்க்கறாங்க.

தையல்காரி: தரை இருக்கட்டும் அண்ணி. யார் ஜெயிச்சாலும் சரி, மழைக்கு முன்னாடி குழாய் மாறுமா, மாறாதா?

அண்ணி: நல்ல கேள்வி. இதுக்கு வாய் வேண்டாம், தலை போதும். மேலும் கீழுமா ஆட்டினா மாறும். பக்கவாட்டுல ஆட்டினா மாறாது. 'பார்க்கலாம்', 'மேலிடத்துல சொல்றோம்', இதுக்கெல்லாம் கழுத்துல இடமில்ல. டாக்டரம்மா? ம், மேலும் கீழும். அடுத்து எங்க வீட்டுக்காரர்... ஏங்க, அது என்ன வட்டமா ஆட்டறீங்க?

பால்காரர்: வட்டமா ஆட்டினா என்ன அர்த்தம்?

அண்ணி: பரிசீலிக்கறாராம். ஏங்க, நேரா ஆட்டுங்க. ஊரே பார்க்குது, ஜன்னல்ல தொங்கறவங்ககூடப் பார்க்கறாங்க. ம்... இன்னும் கொஞ்சம்... ஆட்டிட்டார். மேலும் கீழும். எல்லாரும் பார்த்தீங்கல்ல?

தையல்காரி: பார்த்தோம். இப்போ கைதட்டலாமா?

அண்ணி: தட்டுங்க. ஆனா உங்களுக்கு நீங்களே தட்டிக்குங்க.

கூட்டம் கலைந்தது. மேடைக்குப் பின்னால், நாற்காலி அடுக்கும் அறையில் மூன்று பேர் மட்டும்.

வெண்கலம்: ஐயய்யோ, காலு, காலு. நாற்காலியைக் கொண்டுவந்து என் காலுமேலயா வைப்பே?

அண்ணி: ...

டாக்டர்: ...

அண்ணி: இப்போ எனக்குக் குரல் போச்சு.

வெண்கலம்: இல்லம்மா... அது வந்து... திடீர்னு வந்துடுச்சு. மருந்து வேலை செஞ்சுடுச்சு போல.

அண்ணி: எந்த மருந்து? அவங்க ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கலையே.

வெண்கலம்: ...

அண்ணி: மறுபடியும் ஊமையாகாதீங்க. எனக்கு அர்த்தம் சொல்லி அலுத்துப்போச்சு.

வெண்கலம்: சரி. தொண்டை கட்டலை. ஜனங்க கேள்வி கேட்பாங்கன்னு சொன்னதும் குழாய்தான் ஞாபகம் வந்துது. சாக்கடை வழியா விட்டா வேலை சீக்கிரம் முடியும்னு அன்னைக்குச் சொன்னாங்க, தலையாட்டிட்டேன். அப்புறம் பேசிப் பேசியே மூடிட்டேன். இன்னைக்குப் பேச ஒண்ணும் மிச்சமில்லேன்னு தோணுச்சு. பேசாட்டித் தப்பிச்சுடலாம்னு பார்த்தா, பேசாததாலதான் மாட்டினேன். நடு மண்டபத்துல தலையாட்டிட்டேன், இனி மாத்தித்தான் ஆகணும்.

அண்ணி: மாத்துங்க. நல்லா வேணும்.

வெண்கலம்: ஆனா டாக்டரம்மா, ஒண்ணு புரியலை. பொய் சொன்னது நான். கண்ணாடி வெச்சுப் பார்த்தது நீங்க. உங்களுக்குத் தெரியலையா?

அண்ணி: அதானே. வீங்கியிருக்குன்னு சொன்னீங்களே?

டாக்டர்: சொல்லலை அண்ணி. பேசக்கூடாதுன்னு மட்டும்தான் சொன்னேன்.

வெண்கலம்: அப்போ தெரிஞ்சேவா? நடிக்கறான்னு வெளியில ஒரு வார்த்தை விட்டிருந்தா என் கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். அதையும் விடலை. போதாக்குறைக்கு நீங்களும் பேசாம உட்கார்ந்தீங்க. எதுக்கு?

டாக்டர்: சிரிக்கக்கூடாது, சரியா? அண்ணே, உங்க தொண்டை புதுசா வெள்ளையடிச்ச வீடு மாதிரி இருந்துச்சு. 'ஈ'ன்னு வாயை வெச்சதும் உள்ளே குரல்நாண் ரெண்டும் கதவு மாதிரி அழகாச் சேர்ந்துச்சு. அந்த நிமிஷமே தெரியும். ஆனா என் கையில பட்டை எதுக்குன்னு அண்ணி கேட்டாங்களே... மிஷின் சரியாத்தான் இருந்துச்சு, ஏறியிருந்தது என் பிரஷர்தான். நோயாளிங்ககிட்ட நாள் பூரா பேசுவேன். பத்துத் தலை சேர்ந்தாப்பல தெரிஞ்சா நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். நியாயமாவது, பெருந்தன்மையாவது. அந்த மேடையிலேருந்து எப்படித் தப்பிக்கறதுன்னு மத்தியானத்துலேருந்து நானும் ஒரு மப்ளர் தேடிக்கிட்டுத்தான் இருந்தேன், நீங்க முந்திக்கிட்டுச் சுத்திக்கிட்டு வந்துட்டீங்க.

யார் ஜெயித்தார் என்று கேட்காதீர்கள் கண்ணுகளா. மழைக்கு முன்னால் குழாய் மாறியது, அது போதும். உங்கள் வீட்டிலும் குழாயைத் திறந்தால் முதலில் தண்ணீரே வரட்டும். பிள்ளைகள் வயிறு நோகாமல் தூங்கட்டும். கேட்ட கேள்விக்கு உங்கள் வீட்டில் யார் தலையும் வட்டமாக ஆடாதிருக்கட்டும். போய் வாருங்கள்.