உண்மை சொல்லும் கல்லா

தூத்துக்குடி ரயில் கங்கைகொண்டானைத் தாண்டியதும், எனக்கு எதிரே இருந்த துணிக்கடைக்காரர் தன் காலடிச் சாக்குமூட்டையைக் காட்டிப் பக்கத்து ஆளிடம் சொன்னார்: "இது உண்மையைச் சொல்லுது வே. அதான் விக்கதுக்குக் கொண்டு போறேன்."

அந்த ஆள் சாக்கை விலக்கினார். உள்ளே பித்தளைக் கல்லா மிஷின்.

"கொழும்புச் சாமானுல்லா இது! ஒடஞ்சதா ரெண்டு வாங்கி நானே சரிபண்ணி வச்சிருக்கேன், அண்ணாச்சி. மூணாவதையும் கொண்டு போனா வீட்டுல ஏசுவா. இதுல என்ன கோளாறு?"

"கோளாறா இருந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. கடிகாரம் பாக்குத ஆளை வச்சு ஸ்பிரிங் மாத்தி, புளி போட்டுத் தேச்சு, பளபளன்னு கடையில வச்சேன். விசையை அமுக்குனா மணி அடிச்சு, மேல கண்ணாடியில விலை வந்து நிக்குது. அடுத்தால நிக்கவன் அதைப் பாத்துட்டு, 'அதே வேட்டி அவருக்கு ஒரு ரூவா, எனக்கு மட்டும் ஏன் ஒண்ணரை'ங்கான்."

"கண்ணாடியை மறைக்கலாம்லா?"

"மாலை போட்டேன். பூவை விலக்கிட்டுப் பாக்கான் வே!"

பெட்டியில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டோம்.

"சரி, எனக்கு என்ன விலைக்குத் தருவீங்க?"

துணிக்கடைக்காரர் எங்களையெல்லாம் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இருவர் கைமேலும் போட்டு மூடினார். மாட்டுச் சந்தைத் தரகரைப் போல அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசத் தொடங்கினார். மணியாச்சி வரும்வரை துண்டு அசைந்துகொண்டே இருந்தது.

என்ன விலைக்குப் படிந்தது என்று எங்கள் யாருக்கும் தெரியாது.