இலையிலிருந்து எழுந்த நாலு பேர்

ஹலோ… ஹலோ… மேளக்காரர் சிவனாண்டிதானே… ஆமா, நான் தூத்துக்குடில கல்யாண மண்டபத்துல இருந்து பேசுதேன். லிங்கராஜ் வீட்டுக் கல்யாணம். நான் லிங்கராஜ் தங்கச்சி பிரேமா, பொண்ணுக்கு அத்தை… நாலு பேரும் எங்கன இருக்கீங்க? மணி ஒம்பது தாண்டியாச்சு. ஐயர் ரெண்டு தரம் கேட்டுட்டாரு, மேளம் எங்க மேளம் எங்கன்னு. பத்தரைக்குள்ள தாலி ஏறணும்… டீ குடிக்கப் போயிருக்கீங்களோ…

என்ன இரைச்சல் அது, ஒண்ணும் கேக்கல… பஸ்ஸா? எந்த பஸ்… திருச்செந்தூர் பஸ்ல ஏறி… எங்க இறங்கினீங்க… முள்ளக்காட்டுலயா? முள்ளக்காட்டுல என்ன சோலி உங்களுக்கு? மேளம் இங்கனல்லா வாசிக்கணும்.

மேடைக்குப் போங்க மயினி, நான் பேசிக்கிடுதேன்… எங்க அண்ணன் பொண்டாட்டி பதறுதாங்க. சொல்லாம கொள்ளாம கிளம்பிப் போறது எந்த ஊரு பழக்கம் மேளக்காரரே? மாப்பிள்ளைய அழைச்சு உள்ள கூட்டிட்டு வந்ததோட உங்க வேலை முடிஞ்சு போச்சா? இங்கன மண்டபத்துல சினிமாப் பாட்டப் போட்டு விட்டிருந்தாங்க, அந்தச் சத்தத்துல மேளம் இல்லைன்னே ஒருத்தருக்கும் தெரியல. ஐயர் கேட்ட பொறவுதான் மேடைக்குக் கீழ பாக்கோம், நாலு நாற்காலியும் வெறுசாக் கெடக்கு… ஆமா, தெரியலதான்… மேளம் இல்லாததே தெரியலன்னு உங்ககிட்டயே சொல்லக் கூடாதுதான். பதட்டத்துல வந்துட்டு, விடுங்க.

என்னது… யாரு எழுப்பினா… இலைல இருந்தா…

அப்படியெல்லாம் நடந்திருக்காதே… காலைல, முதல் பந்திலயா… ம்… ம்… இட்லி வச்சு, சாம்பாரும் ஊத்தின பொறவா… கைய வச்சாச்சா… ம்… ஆமா… யாரு, பொம்பளையா… பச்சைப் பட்டுச் சேலையா…

பச்சைப் பட்டுல அம்பது பேரு நிக்காங்க இங்கன. அதுல யாருன்னு நான் கண்டேன்… சமையல்காரர் கூட வந்த பொம்பளையா இருக்கும்… அதுவும் சரிதான், பட்டுச் சேலை கட்டிட்டுப் பரிமாற வர மாட்டாங்கதான்… சரி, யாரா இருந்தாலும் நான் கண்டுபிடிச்சு நல்லா நாலு கேள்வி கேக்கேன், போதுமா? நீங்க கிளம்பி ரோட்டுக்கு வாங்க. கார் அனுப்பியிருக்கேன். திருச்செந்தூர் ரோட்டுலதான் போயிருப்பாங்கன்னு ஒரு ஊகத்துல அனுப்பிவிட்டேன். வெள்ளைக் காரு, இப்பம் உப்பாத்து ஓடைப் பாலம் தாண்டியிருக்கும்…

கிளம்பலையா… ஏன்…

சாப்பாடு இல்லைன்னு யாரு சொன்னா மேளக்காரரே? வேலைக்கு வந்தவங்க எல்லாருக்கும் மஞ்சள் டோக்கன் அடிச்சு வச்சிருக்கேன். போட்டோக்காரங்க, வீடியோக்காரங்க, ட்ரோன் பறக்க விடுதவரு, பூ அலங்காரம் செஞ்சவங்க, பொண்ணுக்கு மேக்கப் போட வந்தவ, ஒருத்தர் பாக்கி இல்லாம எல்லாருக்கும் உண்டு. எல்லாரும் சாப்பிட்ட பொறவு, கடைசிப் பந்தில டோக்கனக் காட்டிட்டு உக்காரணும், அவ்வளவுதான்… உங்களுக்கும் இருக்கே… கையில யாரும் தரலையா… சரி, மறந்திருப்பாங்க. கல்யாண வீடுன்னா நூறு சோலி.

நான் ஏன் இப்படி ஒரு ஏற்பாடு வச்சேன்னு மொதல்ல கேளுங்க. போன மாசம் ஏரல்ல எங்க கொழுந்தன் மவனுக்குக் கல்யாணம். செண்டை மேளம்னு பதினாறு பேரு, வீடியோக்காரங்க எட்டுப் பேரு, மொத்தமா முதல் பந்திலயே ஏறி உக்காந்துட்டாங்க. பொண்ணோட தாய்மாமன் அவங்க நாற்காலிக்குப் பின்னாலயே நிக்காரு, எப்பம் எந்திப்பாங்கன்னு. அரை மணி நேரம் நின்னு பாத்துட்டு, சாப்பிடாமலே வண்டி ஏறிப் போயிட்டாரு மனுசன். இன்னைக்கு வரைக்கும் ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கெடையாது. அந்தப் பயம்தான் எனக்கு. நம்ம வீட்டுக் கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டு ஆளு ஒருத்தரும் இலைக்கு நிக்கக் கூடாதுன்னு பத்து நாளா எனக்கு ஒறக்கமே இல்ல… அதுக்கும் உங்களுக்கும் என்னன்னா கேக்கீங்க…

பந்திக்கு முந்துன்னு சொல்லி வச்சிருக்காங்கன்னா, அது விருந்தாளிக்குத்தானே… சரி, நீங்களும் அழைச்சு வந்தவங்கதான். நான் இல்லைங்கல. ஆனா வேலைக்கு வாரதுன்னா ஒரு முறை இருக்குல்லா? எங்க அப்பா காலத்துல மேளக்காரங்களுக்குப் பந்தியே கெடையாது. பந்தலுக்குப் பின்னால, ஒரு பாய் கூட விரிக்காம, தரையில உக்கார வச்சுத்தான்…

ஹலோ… கேக்குதா… ஹலோ… இல்ல, நான் அத ஒசத்தியாச் சொல்லல… அது தப்புதான்… ஆமா, பெரிய தப்பு… அதையேதான் இப்பம் டோக்கன் அடிச்சுச் செய்யுதோம்னு சொல்லுதீங்க…

ஒரு நிமிசம் லைன்ல இருங்க, வச்சிராதீங்க… சொல்லு அனிஷ்… அதெல்லாம் வேண்டாம்ப்பா, போ… வீடியோ எடுக்க வந்தவரு மேளக்காரரே, அனிஷ்னு பேரு. அவரு செல்லுல கெட்டிமேளம் இருக்காம், மைக்குப் பக்கத்துல வச்சுத் தாலி கட்டிரலாம்ங்காரு. சத்தம் போட்டு அனுப்பிட்டேன். செல்லுல மேளத்தப் போட்டுத் தாலி கட்டினா மாப்பிள்ளை வீட்டுல நாளைக்கு என்ன பேசுவாங்க… சிரிக்காதீங்க. எங்க அண்ணன் மேடையில இருந்து கைய ஆட்டுதாரு, என்னாச்சுன்னு. வந்துட்டிருக்காங்கன்னு நானும் கையாலயே சொல்லியிருக்கேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிராதீங்க.

நீங்க இல்லைன்னா உங்க தவில்காரர்கிட்டக் குடுங்க, நான் பேசுதேன். வீரபாகுதானே பேரு… பேச முடியாதா… ஏன், என்ன செய்யுது… நடுக்கமா? என்ன நடுக்கம்… சுகரா… ஊசி போட்டிருந்தாரா… எத்தனை மணிக்கு… ஏழரைக்கு ஊசியப் போட்டா உடனே சாப்பிடணும்லா. எனக்குத் தெரியாதா, எங்க வீட்டுக்காரரும் ஊசி போடுதவருதான். அஞ்சு நிமிசம் பிந்தினா வேர்த்து விட்டுரும் அவருக்கு…

அதுக்குத்தான் முதல் பந்தில உக்காந்தீங்களா…

அதச் சொல்லியிருக்கலாமே. ஒரு வார்த்தை. ஊசி போட்டிருக்கேன்னு அந்தப் பொம்பளகிட்ட அவரு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா… சொன்னாரா…

சொன்னாருதான்.

இப்பம் எப்படி இருக்காரு… பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லி இறக்கினீங்களா… சீனிய வாயில போட்டீங்களா, நல்லது… ஓட்டல்ல உக்கார வச்சிருக்கீங்க… இட்லி வந்துட்டா… தின்னட்டும், மெதுவாத் தின்னட்டும். அவசரப்படுத்தாதீங்க. நான் லைன்லயே இருக்கேன்… ம்… ரெண்டாவது இட்லியா… ம்… நடுக்கம் நிக்குதா… நிக்குதுல்லா…

மேளக்காரரே… சிவனாண்டி அண்ணாச்சி. அந்தப் பச்சைப் பட்டு நான்தான்.

தெரியுமா… எப்பம்… நான் ஹலோன்னு சொன்னப்பமேவா… குரல வச்சா… அப்பம் இவ்வளவு நேரமும் நான் சொன்ன பொய்ய எல்லாம் கேட்டுட்டேதான் இருந்தீங்க.

என்ன நடந்ததுன்னு நானே சொல்லிருதேன் அண்ணாச்சி. மாப்பிள்ளையோட பெரியப்பா குடும்பத்தோட சாப்பாட்டு ஹாலுக்குள்ள வாராரு. நாலு இலை வேணும். ஒரு இலை காலி இல்ல. எனக்கு ஏரல் கல்யாணம் அப்படியே கண்ணு முன்னால வந்துட்டு. யார எழுப்பலாம்னு பந்தியச் சுத்திப் பாத்தேன். சொந்தக்காரங்கள எழுப்ப முடியுமா, அவங்க சும்மா விடுவாங்களா. உங்க நாற்காலிக்குப் பின்னால தவில் இருந்துது. இவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு தெரியும் எனக்கு, அதான் உங்ககிட்ட வந்தேன். உங்க தவில்காரர் ஊசி போட்டிருக்கேன்மா, ரெண்டு இட்லிய மட்டும் தின்னுட்டு எந்திக்கேன்னுதான் சொன்னாரு. காதுல விழுந்துது. எந்திங்க, எந்திங்க, அடுத்த பந்தில பாத்துக்கிடலாம்னு நாற்காலியப் பிடிச்சு இழுத்துட்டேன். அவரு அந்த எச்சிக் கைய எங்க கழுவன்னு கூடக் கேக்கல. வேட்டிலயே தொடைச்சிட்டு நடந்தாரு. அதையும் பாத்தேன். பாத்துட்டுத்தான் இலைய மாத்திப் பெரியப்பாவ உக்கார வச்சேன்…

வெக்கமா இருக்கு அண்ணாச்சி. வேற என்ன சொல்ல.

எங்க அண்ணன் டோக்கன் அடிக்கும்போதே சொன்னாரு, வேலைக்கு வந்தவங்களும் நம்ம வீட்டுக்கு வந்தவங்கதானே பிரேமா, எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடட்டும்னாரு. உனக்கு ஒண்ணும் தெரியாது, பந்திய நான் பாத்துக்கிடுதேன், நீ சும்மா இருன்னு நான்தான் அவரு வாய அடைச்சேன். இப்பம் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது… பொண்ணுக்குத் தெரியும். முத்தரசி அலங்காரம் முடிஞ்சு ரூம் வாசல்ல நின்னிருக்கா, அங்கன இருந்து பாத்தா சாப்பாட்டு ஹால் தெரியும். எல்லாத்தையும் பாத்துட்டா. ஐயர் கூப்பிட்டு இருபது நிமிசம் ஆச்சு, மாலையக் கழுத்துல போடாம கையில வச்சுட்டு உக்காந்திருக்கா. எழுப்பினது நீங்க, கூப்பிட வேண்டியதும் நீங்கதான் அத்தை, அவங்க வராம நான் மணையில உக்கார மாட்டேன்னுட்டா…

ஆமா, அவ வாயால சொன்னதுதான்… நான் சோடிச்சுச் சொல்லல. இதுல பொய் இல்ல அண்ணாச்சி, அவமேல சத்தியம்… அழல. முகத்த இறுக்கி வச்சுட்டு உக்காந்திருக்கா. என் முகத்தப் பாக்கவே மாட்டேங்கா. பெத்தவ மாதிரி தூக்கி வளத்தேன் அவள… பேசுங்க, அவங்க மூணு பேருகிட்டயும் கேட்டுட்டே சொல்லுங்க. நான் நிக்கேன்…

ம்… சொல்லுங்க…

வாரீங்களா… நாலு பேருமா… வீரபாகுவும் எந்திச்சுட்டாரா… தவிலு வாசிக்கத் தெம்பு இருக்கா அவருக்கு… வாசிச்சிருவாரா… நல்லா இருப்பீங்க அண்ணாச்சி, உங்க பிள்ளைகுட்டி நல்லா இருக்கும்… பேசுனதுக்கு மேல கூடவே… இல்ல இல்ல, துட்டுப் பேசல. பேசல.

வெள்ளைக் காரு தெரியுதா… கைகாட்டுங்க, நிப்பாட்டுவாரு… தவில முன்னால வச்சிராதீங்க, டிக்கில எடம் இருக்கு… ஏறிட்டீங்களா, சரி… அண்ணாச்சி, கேளுங்க. தாலி கட்டின கையோட முதல் பந்தி உங்களுக்குத்தான். மாப்பிள்ளையோட பெரியப்பாவுக்கு எதிர்த்தாப்ல நாலு இலை. ஒருத்தரையும் நம்பல, நானே பரிமாறுதேன். சொதி வச்சிருக்காங்க, அவியல் இருக்கு, அடைப்பிரதமன் இருக்கு. வீரபாகுவுக்கு இனிப்பு இல்லாம நான் தனியா…

என்ன… சாப்பிட்டாச்சுன்னா… அது காலைப் பலகாரம்லா, நான் மத்தியானச் சாப்பாட்டச் சொல்லுதேன்… புரியல, திரும்பச் சொல்லுங்க…

கை நனைக்க மாட்டீங்களா.

கோவத்துல சொல்லுதீங்களா… கோவம் இல்லையா… கோவம் இருந்தா நல்லா ரெண்டு வார்த்தை திட்டுங்க அண்ணே, நான் கேட்டுக்கிடுதேன். வந்து எல்லாரு முன்னாலயும் திட்டுங்க. வீரபாகு கையப் பிடிச்சு நான் மன்னிப்புக் கேக்கேன்… அதெல்லாம் வேண்டாமா… பொண்ணு நல்லா வாழணும்னு மனசார வாசிப்பீங்க… ம்… சொன்ன நேரம் வரைக்கும் ஒரு கொறையும் வைக்க மாட்டீங்க… ம்… ஆனா எழுப்பி விட்ட எடத்துல திரும்பப் போயி உக்கார மாட்டீங்க… நாலு பேருமாப் பேசித்தான் சொல்லுதீங்களா…

அண்ணே, அப்படிச் சொல்லாதீங்க. கல்யாண வீட்டுல வாசிச்ச வாயி பட்டினியாப் போகக் கூடாது, அந்தப் பாவம் பொண்ணுக்கு… பாவம் அவளுக்கு வராதா… ம்… அவள வாழ்த்திட்டுத்தான் போவீங்க… எனக்காக ஒரு வாய்… உள்ள வேண்டாம்னா காருக்கே கொண்டு வந்து தாரேன்… ஒரு டம்ளர் மோரு… சரி, மோரும் வேண்டாம். வாசிக்கும்போது தொண்டை காயும்லா, தண்ணியாவது குடிப்பீங்கல்லா அண்ணே…

அதையும் கடையில வாங்கிட்டா வாரீங்க…

ஹலோ… அண்ணே… அண்ணே, ஒரு நிமிசம்…

வச்சுட்டாரு… ஆமா மயினி, வாராங்க, கார்ல ஏறிட்டாங்க, பதினஞ்சு நிமிசம்தான். ஐயர்கிட்டச் சொல்லிருங்க. முத்தரசிய மாலையப் போடச் சொல்லுங்க… நான் எங்க அழுதேன், ஹோமப் புகை… இல்ல மயினி, அவங்களுக்கு இலை போட வேண்டாம்.