கட்டம் கட்டமா நாப்பத்தோரு பக்கம்

நீங்க உக்காரச் சொல்லாட்டியும் நான் உக்காருவேன்மா. இந்த எழுத்துக் கமிட்டி ஆபீசுக்கு நான் ஒண்ணும் புதுசு இல்ல. ஃபைல்ல என்ன இருக்குன்னு அப்புறம் பாக்கலாம். திறந்தா கட்டம் கட்டமா வருது. அதை எழுத்தா மாத்திக் குடுக்க முடியுமா முடியாதா, அத மட்டும் சொல்லுங்க.

ஆமா, உங்க கமிட்டியத் திட்டிப் பேப்பர்ல எழுதினது நான்தான். இப்பவும் அதேதான் சொல்வேன். கம்ப்யூட்டருக்குள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண்ணாம், உலகத்துல இருக்கற அத்தனை பாஷைக்கும் ஒரே எண் வரிசையாம். எங்க அடிச்சாலும் எந்தக் கம்ப்யூட்டர்லயும் படிக்கலாமாம். அதுக்கு, ஒத்தைக் கொம்பு முன்னாடி வரணுமா பின்னாடி வரணுமான்னு பன்னெண்டு பேர் மூணு நாள் உக்காந்து பிஸ்கட் தின்னீங்க. பாதிப் பேருக்கு டைப்பிங்கே தெரியாது. உங்க தலைவர் ஒத்தை விரலால கோழி கொத்தற மாதிரி அடிப்பாரு. இவங்கதான் உலகத்துக்கு எழுத்து குடுக்கப் போறாங்களாம்.

நான் ஒத்த ஆளா இருபத்திரெண்டு அச்சகத்துக்கு கம்ப்யூட்டர் எழுத்து செஞ்சு குடுத்தவன். கடைக்குக் கடை எழுத்தோட எண்ணை மாத்திப் போட்டேன். ஒருத்தன் ஃபைலை இன்னொருத்தன் திறந்தா குப்பைதான் வரும். பின்ன, காப்பி அடிச்சுட்டுப் போயிருவானுங்களே. எந்த எண்ணுக்கு எந்த எழுத்துங்கற அட்டவணை என்கிட்ட மட்டும்தான். அது தொழில் சூட்சுமம்மா, உங்களுக்கெல்லாம் புரியாது.

அட்டவணை கையில இருந்தா உங்க வாசல்ல வந்து ஏன் நிக்கறேன்? கமிட்டிக்கு நான் குடுத்த எண் வரிசை வேண்டாம்னு நீங்க ஓட்டுப் போட்ட அன்னிக்கே வீட்டுக்குப் போய் அத்தனையும் அழிச்சேன். எழுத்து, அட்டவணை, நகல், ஒண்ணு விடல. நான் செஞ்சத ஒருத்தனும் தொடக் கூடாதுன்னு வீம்பு. அந்த அச்சகக்காரனுங்க மறு மாசமே பழைய மெஷினத் தூக்கிப் போட்டுட்டு உங்க பக்கம் தாவிட்டானுங்க, மானங்கெட்டவனுங்க.

என்னது, யார் எழுதினதுன்னு தெரிஞ்சாத்தான் வார்த்தைய ஊகிச்சுக் கண்டுபிடிக்க முடியுமா? அதையும் சொல்லணுமா?

என் வீட்டுக்காரி அடிச்சதும்மா. தொண்டையில ஆபரேஷன் பண்ணினதுல அவளுக்குப் பேச்சு போயிடுச்சு. கை நடுக்கத்துல பேனாவும் பிடிக்க வரல. எங்கிட்ட சொல்ல வேண்டியத எல்லாம் வீட்டு மெஷின்ல, நான் செஞ்ச எழுத்துல தட்டுவா. நான் பக்கத்துல உக்காந்து உங்க கமிட்டிக்கு மனு எழுதிட்டிருப்பேன். சேவ் பண்ணி வை, அப்புறம் படிக்கறேன்னு சொல்வேன். அப்படிச் சேந்ததுதான் இந்த நாப்பத்தோரு பக்கம்.

நான் அழிச்ச மறுநாள் காலையில வந்து உக்காந்து தட்டினா. கட்டமா வந்துச்சு. திரும்பி என்னைப் பாத்தா. உங்க கமிட்டி எழுத்தப் போட்டுக் குடுக்க பத்து நிமிஷம் ஆகியிருக்காது. அது என் வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு இருந்துட்டேன். அப்புறம் பதினாறு நாள்தான் இருந்தா. கீபோர்டு பக்கமே போகல. என்ன மாதிரி ஒரு மடையன் உங்க கமிட்டியில கூட இல்லம்மா.

என்னைத் திட்டித்தான் எழுதியிருப்பா. மரியாதைக்காக எதையும் எடுத்துடாதீங்க, அப்படியே மாத்திக் குடுங்க.