ஸ்கெல்லன் எழுதாத இரண்டாம் எண்

நாற்பது ஆண்டுகள் படகுத்துறையில் கயிறு வீசி, கயிறு பிடித்து, இன்று இந்தக் கூட்டத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கும் தலைவர் டார்க்வில் நிக்கல்சன் அவர்களே. போன இடைத்தேர்தலில் என்னை எதிர்த்து நின்று, என்னைப் போலவே தோற்று, எனக்கு முன் இங்கே பேசி அமர்ந்த கட்ரீனா மெக்காஸ்கில் அவர்களே. ஈரக் கோட்டை மடியில் வைத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே. குழந்தையைத் தோளில் உறங்கவைத்துச் சுவரோரம் நிற்கும் தாய்மார்களே. முதல்முறை வாக்களிக்கப் போகும் பதினாறு வயதுச் செல்வங்களே. இந்த அரங்கத்துக்கு உரிய காராபோஸ்ட் மக்களே. சதுப்புச் சாலையில் பதினோரு மைல் கடந்து என்னோடு வந்திருக்கும் என் ஸ்கெல்லன் மக்களே. இங்கே இருக்க வேண்டியவர்கள், ஆனால் கடலுக்கு அக்கரை அனுப்பப்பட்ட ஒன்பது பேரே. உங்கள் அனைவருக்கும் லாக்லன் மெக்ஃபீயின் தலைதாழ்ந்த வணக்கம்.

அந்த ஒன்பது பேரில் இருவரை என் வணக்கம் இனி எட்டாது. தெரிந்தும்தான் அழைத்தேன்.

முப்பத்தொரு ஆண்டுகள். இந்த அரங்கத்தின் படியை நான் மிதித்ததில்லை. படகுத்துறை எங்கள் ஊரிலிருந்து உங்கள் ஊருக்கு மாறிய நாளில், என் தந்தை மேசையைத் தட்டி ஒரு சத்தியம் செய்தார். காராபோஸ்டில் ஒரு வாய் டீ குடிக்க மாட்டோம் என்பது அந்தச் சத்தியம். படகு பிடிக்க வருவோம். மழையில் நனைந்தபடி வண்டிக்குள்ளேயே இருப்போம். படகு பிடித்துப் போவோம். காராபோஸ்டுத் தண்ணீர் உப்புக் கரிக்கும் என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். இன்று வாசலில் ஒரு கோப்பையை என் கையில் வைத்தார்கள். குடித்தேன்.

"எப்படி இருந்திச்சு லாக்லன்?"

நன்றாக இருந்ததம்மா. அதுதான் எனக்கு வருத்தம்.

சிரியுங்கள். நானும் சிரித்துவிட்டுத் தொடங்குகிறேன். ஏனெனில் நான் சொல்ல வந்தது சிரிக்கும் செய்தி அன்று.

நம் இரண்டு ஊருக்கும் நடுவே, சதுப்பு நிலத்தில், சாலையோரம் ஒரு வீடு இருந்தது. ஒன்பது படுக்கைகள். நம் முதியவர்களின் இல்லம். அந்த வீட்டுக்கு ஊர் கிடையாது. அங்கே படகுத்துறைச் சண்டை இல்லை. தேவாலயச் சண்டை இல்லை. காராபோஸ்டு ஹெக்டரும் என் மனைவி எஃபியும் ஒரே மேசையில் டொமினோ ஆடினார்கள். ஹெக்டர் காய்களை ஒளித்துவைப்பார். எஃபி தன் முறையை மறந்துவிடுவாள். இரண்டு பேரும் வென்றதாகச் சொல்லிக்கொள்வார்கள். நாம் முப்பது ஆண்டுகளாகச் செய்ய முடியாததை, மறதி வந்த ஒருத்தியும் ஏமாற்று ஆடுகிற ஒருவரும் தினமும் பகல் இரண்டு மணிக்குச் செய்துகொண்டிருந்தார்கள்.

அந்த இல்லத்தைக் காத்துவந்த நம் கவுன்சில் உறுப்பினர் ஆங்கஸ் காலமானார். இடம் காலியானது. இடைத்தேர்தல் வந்தது. மூவர் நின்றோம். துறைமுக நகரத்திலிருந்து ஒருவர். சின்ன இல்லங்களை மூடிவிட்டு நகரத்தில் ஒரே பெரிய இல்லம் வேண்டும் என்றார். வாசலுக்கு வாசல் நின்று அதைச் சொன்னார். வென்ற பின் அதையே செய்தார். அவரைத் திட்ட நான் மேடை ஏறவில்லை. இல்லம் இருக்க வேண்டும் என்று நின்றவர் இருவர். இல்லத்து முதியவர்களுக்கு முடி வெட்டிவிடும் கட்ரீனா ஒருவர். நான் ஒருவன்.

ஒரே நோக்கம். இரண்டு ஊர். அங்கேதான் நான் தவறினேன்.

நம் வாக்குச்சீட்டில் நாம் எண் எழுதுகிறோம். பிடித்தவருக்கு ஒன்று. அவர் கடைசியில் நின்று விலக்கப்பட்டால், என் வாக்கு யாருக்குப் போகட்டும் என்பதற்கு இரண்டு. இது உங்களுக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் நான் ஒரு நீல அட்டை அச்சடித்தேன். ஸ்கெல்லனில் ஒரு வீடு விடாமல் கொடுத்தேன். அட்டையில் இருந்தது இரண்டே வரி. 'லாக்லனுக்கு ஒன்று. வேறு யாருக்கும் எதுவும் வேண்டாம்.'

என் வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பெகி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன் லாக்லன், ரெண்ட அந்தக் கட்ரீனாவுக்குப் போட்டா என்ன? அவளும் இல்லத்த மூடக் கூடாதுன்னுதானே சொல்றா?"

"அவ காராபோஸ்ட், பெகி."

"அது தெரியுது. நான் கேட்டது வேற."

"நமக்கு நாமதான் பெகி. ரெண்டு எழுதினா ஒண்ணு மேல நம்பிக்கை இல்லன்னு ஆயிடும்."

நான் பல்கலைக்கழகம் போனவனில்லை. ஆனால் அன்று பேராசிரியரைப் போலப் பேசினேன். அதோ, மூன்றாம் வரிசையில் கைகட்டி அமர்ந்திருக்கும் மர்டோ, அதை இன்னும் அழகாகச் சொன்னான். "உனக்கு அடுத்தபடியா யாரப் பிடிக்கும்னு எவனாவது பொண்டாட்டிகிட்ட சொல்லுவானா?" ஊரே சிரித்தது. ஊர் சிரித்த சொல்லை ஊர் செய்தது.

எஃபிக்குத் தபால் வாக்கு. வியாழக்கிழமை பார்க்கப் போனேன். முடி புதிதாக வெட்டி, ஒரு பக்கமாக வாரி, அழகாக அமர்ந்திருந்தாள்.

"ஓட்டுப் போட்டு ஒட்டிக் குடுத்துட்டேன்," என்றாள்.

"எனக்குத்தானே?"

"உனக்கு ஒண்ணு. முடி வெட்ட வருதே, அந்தப் பொண்ணுக்கு ரெண்டு."

"ரெண்டா? அட்டையில என்ன எழுதியிருந்தேன் எஃபி?"

"படிச்சேன்."

"படிச்சிட்டு எதுக்கு ரெண்டு போட்ட?"

அவள் என்னைப் பார்த்தாள். என் பெயர் அவளுக்கு வரும், போகும். அன்று வந்திருந்தது.

"நீ வராத நாள்ல அவ வர்றாளே லாக்லன்."

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? கோபித்துக்கொண்டேன். தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். ஆண்டுக்கணக்கில் அரசியல் பேசிய எனக்குப் புரியாத தேர்தல் முறையை, அன்று காலை என்ன சாப்பிட்டோம் என்று சொல்லத் தெரியாத என் எஃபி ஒரே வரியில் சொல்லிவிட்டாள். அது எனக்குக் கேட்கவில்லை. கதவைச் சாத்திய சத்தம் மட்டும் கேட்டது.

மறுவாரம் வெள்ளிக்கிழமை காலை. நகரத்து விளையாட்டு அரங்கில் எண்ணிக்கை. எந்திரம் சீட்டுகளைச் சரசரவென்று விழுங்கியது. திரையில் எண்கள் வந்தன. நகரத்துக்காரர் நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. கட்ரீனா நானூற்று இரண்டு. லாக்லன் இருநூற்றுப் பதின்மூன்று. பாதிக்கு மேல் எவருக்கும் இல்லை. கடைசி ஆள் நான். என்னை விலக்கினார்கள். என் இருநூற்றுப் பதின்மூன்று சீட்டுகளில் இரண்டாம் எண் யாருக்கு என்று எந்திரம் தேடியது.

முப்பத்து மூன்று, கட்ரீனாவுக்கு. ஒன்பது, நகரத்துக்காரருக்கு. அதன் கீழே, சின்ன எழுத்தில் ஒரு வரி. மாற்ற முடியாதவை: நூற்று எழுபத்தொன்று.

கட்ரீனா எழுபத்திரண்டு வாக்கில் தோற்றார்.

எழுபத்திரண்டு. நூற்று எழுபத்தொன்று. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றரை ஆண்டாக நான் வேறெதையும் பார்க்கவில்லை. காற்று கலைத்த வாக்குகளா அவை? கடல் கொண்ட வாக்குகளா? கள்ளர் கவர்ந்த வாக்குகளா? இல்லை. காகிதம் இருந்தது. கையில் பென்சில் இருந்தது. காலியாகக் கட்டம் இருந்தது. நான் சொன்னேன் என்பதற்காக நூற்று எழுபத்தோரு பேர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

கவுன்சிலில் இல்லத்தை மூடும் தீர்மானம் பதினாறுக்குப் பதினைந்தில் நிறைவேறியது. ஒரு கை.

செப்டம்பரில் இதோ இந்தப் படகுத்துறையில், மழையில், வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படகுக்குள் ஏறின. எங்கள் ஊர் ஒரு பக்கம் நின்றது. உங்கள் ஊர் ஒரு பக்கம் நின்றது. ஒருவரோடொருவர் பேசவில்லை. ஒன்பது பேரையும் மூன்று இல்லங்களுக்குப் பிரித்தார்கள். ஹெக்டர் ஓரிடம். எஃபி ஓரிடம். ஜனவரியில் ஹெக்டர் போய்விட்டார். நான் அவளிடம் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை, படகு ஓடும் வாரமாக இருந்தால், போகிறேன். "எதிர்ல உக்கார்ற ஆளு இன்னும் வரலியே," என்கிறாள். காய்களைப் பரப்பிவைத்துக் காத்திருக்கிறாள்.

"இப்ப என்ன சொல்ல வர்ற?"

மர்டோ எழுந்துவிட்டான். தலைவர் அவர்களே, அவனைப் பேச விடுங்கள்.

"ஊரே உன்ன நம்பி உனக்கு மட்டும் போட்டுச்சு. இப்ப எங்க வந்து, யாரு முன்னால எங்களக் குத்தம் சொல்ற? இவங்க மட்டும் நமக்கு ரெண்டு போட்டிருப்பாங்களா?"

நல்ல கேள்வி மர்டோ. அதே கேள்வியைத்தான் நானும் ஓராண்டு முழுக்க எனக்குள் கேட்டுக்கொண்டேன். அதுவே என் ஆறுதல். அதுவே என் போர்வை. கட்ரீனா விலக்கப்படவே இல்லை. ஆகவே அவர் சீட்டுகளின் இரண்டாம் எண்ணை அன்று எந்திரம் தேடவில்லை. தேடியிருந்தால் அங்கேயும் காலியாகத்தான் இருந்திருக்கும் என்று நினைத்துத் தூங்கினேன்.

ஆனால் எந்திரம் எல்லா எண்ணையும் படித்துவைக்கிறது. யார் எழுதியது என்று சொல்லாமல், எத்தனை சீட்டில் என்ன வரிசை என்று மட்டும் ஒரு பட்டியலாகப் பின்னர் வெளியிடுகிறார்கள். யாரும் அதைப் பார்ப்பதில்லை. போன மாதம் எங்கள் பள்ளி ஆசிரியை அதை அச்செடுத்து என்னிடம் கொடுத்தார். "உக்காந்து படிங்க லாக்லன்," என்றார்.

மர்டோ, நீயும் உட்கார்ந்துகொள்.

கட்ரீனாவின் நானூற்று இரண்டு சீட்டுகள். அவற்றில் எனக்கு இரண்டாம் எண் எழுதியவை இருநூற்று அறுபத்தெட்டு.

இருநூற்று அறுபத்தெட்டு.

தாளை மடித்தேன். விரித்தேன். மறுபடி மடித்தேன். எண் மாறவில்லை.

காராபோஸ்ட் மக்களே. உங்கள் டீயை நாங்கள் குடிக்கவில்லை. உங்கள் வாசலில் நாங்கள் ஏறவில்லை. உங்கள் தண்ணீர் உப்பு என்றோம். நீங்கள், ஒரு அட்டைகூட அச்சடிக்காமல், ஒருவரும் கேட்காமல், திரை மறைத்த சின்னப் பலகையின் முன் தனியாக நின்று, எனக்கு இரண்டு எழுதினீர்கள். எண்ணிக்கைக்குத் தேவைப்படாத இரண்டு. என்றைக்கும் என் கண்ணில் படாமலே போயிருக்கக்கூடிய இரண்டு. எனக்கு விழுந்த இருநூற்றுப் பதின்மூன்று ஒன்றுகளைவிட, எண்ணப்படாத அந்த இருநூற்று அறுபத்தெட்டு இரண்டுகள் என்னைத் தலைகுனிய வைத்தன. மன்னிப்புக் கேட்க ஒரு மேடை வேண்டும் என்றுதான் டார்க்விலிடம் இந்த இடத்தைக் கேட்டேன். மன்னியுங்கள்.

மர்டோ உட்கார்ந்துவிட்டான். நன்றி மர்டோ.

நகரத்துக்காரர் தெற்கே வேலைக்குப் போய்விட்டார். இடம் மறுபடியும் காலி. அடுத்த மாதம் மூன்றாம் வியாழன் வாக்குப்பதிவு. இல்லத்தின் கட்டடத்தை விற்பதா, திறப்பதா என்று கோடையில் கவுன்சில் முடிவெடுக்கும். இன்னமும் பக்கத்துக்குப் பதினைந்து பேர். அந்த ஒரு கை நம் கை.

இங்கே சிலர் சொன்னார்கள், இருவரில் ஒருவர் விலகிக்கொள்ளட்டும் என்று. கட்ரீனா விலக முன்வந்தார். நான் வேண்டாம் என்றேன். நானும் விலகப் போவதில்லை. யாரும் யாருக்காகவும் விலக வேண்டாம் என்பதற்காகத்தானே அந்தச் சீட்டில் அத்தனை கட்டங்கள்? ஸ்கெல்லன்காரன் ஸ்கெல்லன்காரனுக்கு ஒன்று போடட்டும். காராபோஸ்டுப் பெண் காராபோஸ்டுப் பெண்ணுக்கு ஒன்று போடட்டும். நான் துறவி இல்லை. எனக்கு நானே ஒன்று போட்டுக்கொள்வேன். ஊர்ப்பற்று ஒன்றாம் எண்ணோடு நிறைந்துவிடட்டும். அதற்குப் பிறகு?

அதற்குப் பிறகு, பென்சிலைக் கீழே வைக்காதீர்கள்.

ஒரு நூல் கட்டிய குட்டைப் பென்சில் அது. உங்களை அது அவசரப்படுத்தாது. ஒரு மூச்சு விடுங்கள். நான் வராத நாளில் யார் வருவார் என்று உங்களையே கேளுங்கள். அந்தப் பெயருக்கு நேராக இரண்டு எழுதுங்கள். நீல அட்டை இந்த முறை இல்லை. மிச்சமிருந்தவற்றை அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஒன்றே ஒன்று சொல்லி அமர்கிறேன். அக்கரையில் இருக்கும் ஏழு பேருக்கும் இந்த முறை இங்கே வாக்கில்லை. முகவரி மாறிவிட்டது, பட்டியலிலிருந்து பெயர் போய்விட்டது. என் அட்டையையும் மீறிக் கட்ரீனாவுக்கு இரண்டு எழுதிய முப்பத்து மூன்று பேரில் ஒருத்தி எஃபி. அவளுக்கு இனி நம் சீட்டு வராது. அவள் எழுதிய அந்த இரண்டை இந்த முறை யாராவது எழுத வேண்டும்.

மர்டோ, நீ எழுது.

கதவைத் திறந்த காராபோஸ்டுக்கு நன்றி. என் பின்னால் உள்ளே வந்த ஸ்கெல்லனுக்கு நன்றி. இந்தக் குரலைப் பொறுத்துக்கொண்ட தலைவருக்கு நன்றி. அந்த வியாழக்கிழமை, பென்சில் கட்டிய அந்தச் சின்னப் பலகையின் முன், ஒருவரையொருவர் பார்க்க முடியாத இடத்தில், நாம் மறுபடி சந்திப்போம். வணக்கம்.