வடக்கு அறையின் ஈரம்

பெரணி என்கிற ஃபெர்ன் செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் செய்யும் முதல் தவறு, செடியை வாங்கிவந்த பிறகு அதற்கு இடம் தேடுவது. இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, காற்று எங்கே புகுகிறது, சுவரில் ஈரம் எத்தனை நாள் தங்குகிறது என்று ஒரு மழைக்காலம் முழுவதும் கவனித்துவிட்டு, அதற்கு ஏற்ற செடியைக் கொண்டுவர வேண்டும். நேற்று எங்கள் வீட்டு வடக்கு அறையில் நின்றுகொண்டு, "இத்தனை செடி ரூமுக்குள்ள எப்படிம்மா வளருது?" என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். உங்களோடு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவசரப்பட்டார்கள். அதனால் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். என் தம்பி ஸ்ரீகண்டன் விஷயமும் அதிலேயே வந்துவிடும்.

என் பெயர் சரளா. வயது அறுபத்தொன்று. அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் டைப்பிஸ்டாக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. மல்லேஸ்வரத்து வீடு அப்பா கட்டியது. 1991-இல் அம்மா போன பிறகு அதில் நான் ஒருத்திதான். சனிக்கிழமை மத்தியானம் வந்து கதவைச் சாத்தினால், திங்கட்கிழமை காலை பஸ் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கும்போதுதான் மறுபடி வாயைத் திறப்பேன். சில வாரம் முதல் வார்த்தை சரியாக வராது. தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டாம் தடவை சொல்வேன். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

அந்த வருடம் குளியலறைத் தண்ணீர் போகும் கால்வாய்ச் சுவரில், செங்கல் இடுக்கில் ஒரு பெரணி முளைத்திருந்தது. பிடுங்கப் போனவள், நுனி சுருண்டிருந்த இலை ஒன்றைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். மறுநாள் அது பாதி விரிந்திருந்தது. ஆபீஸிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்ப் பார்க்கும் பழக்கம் வந்தது. வீட்டில் நமக்காக ஏதோ ஒன்று காத்திருக்கிறது என்ற எண்ணம் எனக்குப் புதிது.

பிறகு மலர்க் கண்காட்சியில் வெளிநாட்டு வகைகள் நாலைந்து வாங்கினேன். ஒன்றும் மார்ச் மாதத்தைத் தாண்டவில்லை. இந்த ஊர்க் கிணற்றுச் சுவரில் தானாக வருவதையும், சக்லேஷ்பூர்ப் பக்கத்துச் சாலையோரத்தில் பாறையிலும் மரத்திலும் ஒட்டிக்கொண்டிருப்பதையும் கொண்டுவந்த பிறகுதான் நிலைத்தது. கருப்புக் கம்பி மாதிரித் தண்டும் கொத்தமல்லி மாதிரி இலையும் உள்ளது ஒன்று. பறவைக் கூடு போல நடுவில் குழிந்தது ஒன்று. மரப்பட்டையில் கட்டிவைத்தால் காய்ந்த இலையையும் உதிர்க்காமல் தன்னோடு வைத்துக்கொள்வது ஒன்று.

சட்டியில் மக்கிய இலை, கரித்துண்டு, உடைத்த செங்கல் போட்டால் போதும். ஆனால் எல்லோரும் வேருக்குத்தான் தண்ணீர் ஊற்றுவார்கள். பெரணிக்கு வேரில் ஈரம் போதாது, காற்றில் ஈரம் வேண்டும். அதற்குக் கோணிச்சாக்கை நனைத்துச் சட்டிகளுக்கு அடியில் விரிக்க வேண்டும். ஜன்னலைச் சாத்திவைக்க வேண்டும். வடக்கு அறை அதற்கென்றே கட்டினது மாதிரி இருந்தது.

ஸ்ரீகண்டன் 1998-இல் வந்தான். என்னைவிட நான்கு வயது சின்னவன். ஹூப்ளியில் பாங்கில் இருந்தவன். மனைவி தவறிவிட்டாள். ஒரே மகள் நிருபமா கல்யாணமாகி அகமதாபாத் போய்விட்டாள். இரண்டு டிரங்குப் பெட்டியோடும் ஒரு ரேடியோவோடும் வந்து கூடத்தில் நின்று, சுற்றுமுற்றும் பார்த்தான்.

"என்னக்கா, வீட்ல சத்தமே இல்லை. கடிகாரம்கூட ஓடலையே?"

"சாவி குடுக்க மறந்துட்டேன்."

"எப்போலேருந்து?"

யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. அவன் நாற்காலியைப் போட்டு ஏறிச் சாவி கொடுத்தான்.

அதன் பிறகு வீட்டில் தினமும் சத்தம் இருந்தது. கன்னடப் பேப்பரை உரக்கப் படிப்பான். தாளிக்கும் வாசனை வந்தால் சமையலறை வாசலில் வந்து நின்று, இன்றைக்கு என்ன என்று கேட்பான். நான் சளசளவென்று பேச ஆரம்பித்தேன். கீரைக்காரியிடம்கூடக் கதை சொன்னேன். வடக்கு அறையை அவனாகத்தான் கேட்டான். "இங்கேதான் குளுகுளுன்னு இருக்கு," என்றான். அப்போது எனக்கு எந்த எண்ணமும் இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சட்டிகளில் பாதியை வெளியே எடுத்துக் கட்டிலுக்கு இடம் செய்துகொடுத்தேன்.

இரண்டாவது மழைக்காலத்தில் அவனுக்கு மூச்சிழுப்பு வந்தது. டாக்டர் நாகேஷிடம் போனோம். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்பவர்.

"ரூம்ல ஈரம் உண்டா?" என்று கேட்டார்.

"அக்கா ஃபெர்ன் வளர்க்கறா, டாக்டர். நானும் அதுல ஒண்ணு," என்று சிரித்தான் ஸ்ரீகண்டன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "செடிக்கு எது நல்லதோ அதெல்லாம் உங்க லங்ஸுக்குக் கெடுதல். பூஞ்சை உள்ளே போகுது. வெயில் வர்ற ரூமுக்கு மாறுங்க. உடனே."

நான் அப்படியே செய்தேன். அன்றைக்கே தெருப்பக்கத்து முன்னறைக்கு மாற்றினேன். மெத்தையைத் தினமும் வெயிலில் போட்டேன். இரண்டு மாதத்தில் பழைய ஆளாகிவிட்டான். சம்பிகே ரோடுக்கு நடந்தே போய்க் காய் வாங்கிவந்தான். அப்படி வந்த ஒரு நாள்தான், பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

"நிருபமாவுக்கு ஆனி மாசம் குழந்தை பொறக்கப் போறது. நான் அங்கே போய் அவளோட இருந்துடலாம்னு பார்க்கறேன். அந்த ஊர் காஞ்ச ஊராம், மூச்சுக்கு நல்லதாம். நீயும் வாக்கா. தனியா இங்கே என்ன பண்ணப் போறே?"

"காஞ்ச ஊர்ல என் செடி வளராதே, ஸ்ரீகண்டா."

"செடிதானே," என்றான்.

அவன் வேறு அர்த்தத்தில் சொல்லவில்லை. ஆனால் நான் அன்று பூராவும் அந்த வார்த்தையை நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் வருவதற்கு முந்தைய ஏழு வருடமும் அந்த ஒரு வார்த்தைக்குள் போய்விட்டது. கூடவே ஒரு விஷயம் எனக்கு விளங்கியது. உடம்பு சரியில்லாதபோது அவன் எங்கும் போவதாகப் பேசவில்லை. சரியானதும் பேசுகிறான்.

அடுத்த வாரம் கொத்தனாரை வரவழைத்து முன்னறைத் தரையைக் கொத்தச் சொன்னேன். புதுத் தரை போடலாம் என்று ஸ்ரீகண்டனிடம் சொன்னேன். கொத்தி முடித்த பிறகு கொத்தனாரைத் திரும்பக் கூப்பிடவில்லை. கட்டில் வடக்கு அறைக்கே வந்தது.

சட்டிகள் எதையும் அப்போது உள்ளே வைக்கவில்லை, அது கண்ணில் படும். நேற்று நீங்கள் பார்த்த சட்டிகள் போன வாரம்தான் திரும்ப உள்ளே வந்தவை. அவன் குளிக்கப் போகும் நேரத்தில் நாலு கோணிச்சாக்கை நனைத்து, கட்டிலுக்கு அடியில் சுவரோரமாகத் தள்ளிவைப்பேன். செடிக்குப் பீச்சும் கைப்பம்பால் மெத்தையின் அடிப்பக்கத்தில் லேசாகத் தெளிப்பேன். மேலே தொட்டால் தெரியாது. ஜன்னல் கட்டை உப்பிப்போய்த் திறக்க முடியாமல் ஆனது. மூன்றாம் வாரம் இழுப்பு வந்தது. அகமதாபாத்துக்கு எடுத்திருந்த டிக்கெட்டைக் கேன்சல் செய்தான்.

அந்த மாதங்களில் நான் அவனைப் பார்த்துக்கொண்டது போல யாரும் யாரையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நேரத்துக்கு மாத்திரை, மிளகுக் கஷாயம், முதுகில் தைலம். மூச்சு வாங்கும்போது தலையணைகளை அடுக்கிச் சாய்த்துவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரை நான் படித்துக் காட்டுவேன். டாக்டர் வீட்டுக்கே வந்து பார்க்கிறேன் என்றபோது, இரண்டு நாள் முன்னதாகச் சாக்குகளை எடுத்துவிட்டு, அறையில் கரியடுப்பு மூட்டிக் காயவைத்தேன். அவர் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "பரவாயில்லையே," என்றார். அக்கா மாதிரி ஒருத்தர் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று ஸ்ரீகண்டனிடம் சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்த சந்திரம்மாதான் சாக்கைப் பார்த்தாள். ஒரு நாள் கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டவள், அதை வெளியே இழுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, இது இன்னாம்மா? சொட்டச் சொட்ட ஈரமா கீது. ஐயாவுக்கு மூச்சு வாங்குது, இத்த போய் அடியில வெச்சிருக்கியே?"

"செடிக்கு வெச்சேன் சந்திரம்மா. எடுக்க மறந்துட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். "செடி இங்க இல்லியேம்மா," என்றாள்.

மறுநாளிலிருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நிருபமாவின் போன் நம்பர் அவளிடம் இருக்கும் என்று நினைக்கவில்லை. ஸ்ரீகண்டன் எப்போதோ அவசரத்துக்கு என்று எழுதிக் கொடுத்திருக்கிறான்.

இப்படியே மூன்று வருடம் போனது. குழந்தை பிறந்தது. ஒரு தடவைகூட அவனால் போக முடியவில்லை. நிருபமா இரண்டு முறை குழந்தையோடு வந்தாள். வரும் தேதி முன்னாலேயே தெரியும், அதனால் சிரமம் இல்லை.

இந்த வருடம் ஜூன் மாதம், பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் எதிரில் வந்து உட்கார்ந்தான். நடந்து வந்ததற்கே மூச்சு வாங்கியது.

"அக்கா, நிருபமாகிட்ட சொல்லிட்டேன். நான் அங்கே வரலைன்னு."

"ஏன்?"

"உன்னைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரலை. நீ பாத்துக்கறாப்பல என்னை யார் பாத்துப்பா?"

அன்று பாயசம் வைத்தேன். சாக்குகளை எடுத்துக் கொல்லையில் காயப்போட்டேன். இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். நான் நிறுத்தினேன். நான்கு நாள் அந்த அறை காய்ந்து கிடந்தது. நான்காம் நாள் மாலை அவன் தெருக்கோடி வரை நடந்துவிட்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தான்.

"உடம்பு இன்னிக்கு நன்னா இருக்குக்கா. இப்படியே இருந்தா ஒரு தடவை போய்க் குழந்தையைப் பாத்துட்டு வந்துடலாம் போலிருக்கு."

ஐந்தாம் நாள் சாக்கை நனைத்தேன்.

ஆகஸ்டில் நிருபமா கடிதம் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்து, விமானத்தில் தானே அழைத்துப் போவதாக. அங்கே ஒரு நல்ல மருத்துவரிடம் காட்டப் போகிறாளாம். சந்திரம்மா அவளுக்குப் போன் செய்து சாக்கைப் பற்றிச் சொன்னதாக அதில் ஒரு வார்த்தையும் இல்லை, அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஸ்ரீகண்டன் கடிதத்தை இரண்டு முறை படித்தான். "ஒரு மாசம்தான்க்கா. திரும்பி வந்துடுவேன்," என்றான். துணிகளை எடுத்துவைக்கச் சொன்னான். ஒரு மாதத்துக்கு யாரும் ஸ்வெட்டரும் அப்பா படமும் எடுத்துப் போக மாட்டார்கள்.

அது நடந்தது வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு. காலையிலிருந்தே மழை. அவனுடைய இன்ஹேலர் எப்போதும் தலைமாட்டு ஸ்டூலின்மேல் இருக்கும். ஸ்டூலைத் துடைப்பதற்காக எடுத்தேன், திரும்ப வைக்க மறந்துவிட்டேன் என்று நிருபமாவிடம் சொன்னேன். துடைக்க எடுத்தது உண்மை. மறந்தது உண்மையில்லை. சமையலறையில் காப்பிப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். கட்டிலிலிருந்து அங்கே பதினாலு அடி தூரம்.

அவனுக்கு மூச்சு திணற ஆரம்பித்தபோது நான் அறையில்தான் இருந்தேன். ஸ்டூலின் பக்கம் கையை நீட்டித் தடவினான். பிறகு என்னைப் பார்த்தான். பேச வரவில்லை. கையை என் பக்கம் நீட்டினான். நான் கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். எழுந்திருக்க முயன்றான், தோளை மெதுவாக அழுத்திப் படுக்கவைத்தேன். "ஒண்ணுமில்லை, நான் இருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இருபது நிமிடம் ஆனது. அதற்குப் பிறகுதான் டாக்டருக்குப் போன் செய்தேன்.

நிருபமா கொடுத்த புகாரில் எழுதியிருப்பதெல்லாம் சரி. நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஒரே ஒரு வரியைத்தான் மாற்ற வேண்டும். அப்பா கடைசியில் அத்தையிடமிருந்து தப்பிக்கப் போராடியிருக்கிறார் என்று எழுதியிருக்கிறாள். அவள் அங்கே இல்லை, அவளுக்குத் தெரியாது. என் மணிக்கட்டைப் பாருங்கள். அவன் நகம் பதிந்த இடம் இன்னும் ஆறவில்லை. என்னை இத்தனை இறுக்கமாக இதற்கு முன் யாரும் பிடித்துக்கொண்டதில்லை.