முழுக் கோதுமை வேக நேரமாகும்

முழுக் கோதுமை பாஸ்தா வாங்கப் போனால் பாக்கெட்டின் முன்பக்கத்தை நம்பாதீர்கள், தம்பி. வயல், காற்றாலை, வைக்கோல் தொப்பி போட்ட பெண் என்று முன்பக்கத்தில் என்ன வேண்டுமானாலும் அச்சடிப்பார்கள். திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். முழுக் கோதுமை ரவை என்று ஒரே ஒரு பொருள் போட்டிருந்தால் வாங்கலாம். ரவை ஒன்று, தவிடு ஒன்று என்று தனித்தனியாகப் போட்டிருந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். வெள்ளை ரவையில் தவிட்டைக் கலந்து நிறம் காட்டுகிற வேலை அது. நல்லது மங்கலாக, மேலே மாவு படிந்ததுபோல் சொரசொரப்பாக இருக்கும். பளபளத்தால் அவசர அவசரமாகச் சூட்டில் உலர்த்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நீங்கள் தெற்கே கலாப்ரியாக்காரர், இதையெல்லாம் அங்கே உங்கள் அம்மா பார்த்துக்கொண்டிருப்பார். இங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், அதனால் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டது இது இல்லை என்று எனக்குத் தெரியும். என் கணவர் ஒலிந்தோ எப்படிச் செத்தார் என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன். எழுதிக்கொள்கிற போலீஸ்காரர் மெதுவாக எழுதட்டும். எதையும் அரை வேக்காட்டில் இறக்கிவைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ஒலிந்தோவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்று எங்கள் டாக்டர் என்னைத்தான் பார்த்துப் பேசினார். “எர்சிலியாம்மா, மருந்து, ஊசி எல்லாம் பாதிதான். மீதி உங்க அடுப்படியில இருக்கு. இனிமே இவரு உசுரு உங்க கையில” என்றார். சொல்லிவிட்டு அவர் சிரித்தார், ஒலிந்தோவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஒரு பொறுப்பைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், இளித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் சர்க்கரை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன். தேன், ஜாம், கிறிஸ்துமஸுக்கு வைத்திருந்த பிஸ்கட் எல்லாம் வெளியே போயிற்று. அலமாரியில் இருந்த வெள்ளை பாஸ்தா பாக்கெட்டுகளைப் பக்கத்து வீட்டு ஜெல்மினாவிடம் கொடுத்தேன். புருஷன் போன பிறகு தனியாக இருக்கிறவள், இடுப்பு வலிக்காரி, ஏதோ வயிற்றுக்கு ஆகட்டும் என்று கொடுத்தேன். அவள் பாஸ்தாவைக் கஞ்சி ஆகும்வரை வேகவைப்பவள். அவளுக்கு எதைக் கொடுத்தாலும் ஒன்றுதான்.

முழுக் கோதுமையைச் சமைக்கத் தனிப் பொறுமை வேண்டும். பெரிய பாத்திரம், நிறையத் தண்ணீர், நன்றாகக் கொதித்த பிறகு உப்பு. பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாமல், ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்க்க வேண்டும். வேகும்போது தண்ணீர் பழுப்பாகக் கலங்கும், ஈர வைக்கோல் வாசனை வரும். அதற்குச் சாந்தமான குழம்பு ஒத்துவராது. வெங்காயத்தைச் சிறு தீயில் வதக்கி, உப்பு நெத்திலியை அதில் கரையவிட வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலேயே பிசைந்து பிகோலி பிழிவோம். தடித்த நூல்போல் நீளமாக விழும், எங்கள் பக்கத்துப் பாஸ்தா அது. பெஞ்சில் முடுக்கிய பித்தளை அச்சின் முன்னால் ஒலிந்தோ குதிரை ஏறியதுபோல் உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றுவார், நான் கீழே ஏந்திக்கொள்வேன். கடைசிக் காலத்தில் அவரால் அந்தக் கைப்பிடியைச் சுற்ற முடியவில்லை. வயசு என்று விட்டுவிட்டேன்.

அளவு என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் முக்கியம். ஒருவருக்கு எண்பது கிராம் என்று டாக்டர் சொன்னார். எண்பதில் இவ்வளவு நன்மை இருந்தால் அறுபதில் இன்னும் நன்மை இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அப்புறம் இன்னும் கொஞ்சம் குறைத்தேன். எனக்கும் அதே அளவுதான் வைத்துக்கொண்டேன், பாரபட்சம் பார்க்கவில்லை. நான் சமைக்கும்போதே ஒரு வாய் ரொட்டி, ஒரு துண்டு பாலாடைக்கட்டி என்று ருசி பார்ப்பவள், எனக்கு அது போதும். அவருடைய பெல்ட்டில் புது ஓட்டைகளை ஆணியைக் காய்ச்சி நானே போட்டுக் கொடுத்தேன். கல்யாணத்தன்று இருந்ததைவிட ஒல்லியாகிவிட்டார். தெருவில் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

இப்போது ஊசிக்கு வருகிறேன். அவர் போட்டுக்கொண்ட இன்சுலின் வேகமாக வேலை செய்கிற ரகம். போட்ட கொஞ்ச நேரத்தில் சாப்பாடு உள்ளே போயாக வேண்டும், இல்லையென்றால் இருக்கிற சர்க்கரையும் இறங்கிவிடும் என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். எங்கள் பக்கத்தில் ஆள் வாசலுக்கு வராமல் யாரும் பாஸ்தாவைத் தண்ணீரில் போட மாட்டார்கள். வருகிறவர் வெளியிலிருந்தே குரல் கொடுப்பார், உள்ளேயிருந்து பதில் வரும். ஒலிந்தோ சீட்டாட்டம் முடிந்து வந்து, சைக்கிளைக் கேட்டில் சாத்தும்போதே, “எர்சிலியா, போடலாம்!” என்பார். நான் “போட்டாச்சு!” என்பேன். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் அவர் ஊசியை எடுப்பார். ஊசி வேலையைத் தொடங்கும்போது தட்டு மேசைக்கு வந்திருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அது பிசகியதில்லை.

ஜெல்மினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாயங்காலம் அவளுடைய தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறேன் என்று ஒலிந்தோ போவார். ஒரு நாள் திரும்பி வந்தபோது மீசையில் வெண்ணெய் வாசனை அடித்தது. மறுநாள் வேலியோரம் போய் நின்றேன். அவள் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. இவர் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு, தட்டின் மேல் குனிந்து, வெள்ளை பாஸ்தா தின்றுகொண்டிருந்தார். வெந்து குழைந்து போன பாஸ்தா, மேலே வெண்ணெய். கண்ணை மூடிக்கொண்டு தின்றார்.

“மெதுவா சாப்பிடுங்க ஒலிந்தோ, யாரும் பிடுங்கிக்க மாட்டாங்க” என்றாள் அவள்.

“உனக்கு என்ன தெரியும், என் வீட்டுல பிடுங்குவாங்க” என்றார் இவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் இன்னொரு கரண்டி போட்டாள்.

அவர்களுக்குள் வேறு ஏதாவது இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த வயசில் அது சிரிப்புக்குரிய விஷயம். ஆனால் அந்தத் தட்டை என்னால் பொறுக்க முடியவில்லை. பல வருஷம் நான் கிராம் கிராமாகச் சேர்த்துவைத்த உயிரை அவள் கரண்டி கரண்டியாகக் கலைத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பிகோலி பரிமாறினேன். தள்ளிவைத்தார். நான் ஜன்னலில் பார்த்ததைச் சொன்னேன். மழுப்புவார் என்று நினைத்தேன், மழுப்பவில்லை.

“மனுஷன் சாப்பாடு ஒரு வாய் சாப்பிடணும்னு இருந்துச்சு. அதான் போனேன்” என்றார்.

“அப்ப இது என்ன?”

“இதுவா? தொடப்பத்த வேகவச்சு நெத்திலி தூவி வச்சிருக்க. சர்க்கரையில சாகலாம் எர்சிலியா, பசியில சாக முடியாதுடி.”

“உன் உசுரு என் கையிலன்னு டாக்டர் சொன்னாரு.”

“அதான் இந்தப் பிடி பிடிச்சிருக்கியே. ஞாயித்துக்கெழமையிலேர்ந்து மத்தியானமும் அங்கயே சாப்பிட்டுக்கிறேன். நீ உன் தராச கட்டிக்கிட்டு அழு.”

தட்டை எடுத்துக் கழுவிவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு எல்லோர் கண்ணெதிரிலும் அவர் அவள் வீட்டுக்குள் நுழைவார், நான் என் வீட்டில் தனியாக ஒரு தட்டு போட்டுக்கொள்வேன். அது எப்படி இருக்கும் என்று இரவு முழுக்க யோசித்தேன். நியாயமாகத்தான் யோசித்தேன். அவர் உயிரோடு நடமாடியது என் சமையலால். அப்படியென்றால் அந்த உயிரை அவர் வேறொருத்தி மேசைக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. பாத்திரத்தை இரவல் வாங்கியவர்கள்கூடத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை கடைக்குப் போனேன். ஜெல்மினா பாதுவாவில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போயிருந்தாள், சாயங்காலப் பஸ்ஸில்தான் வருவாள். கடையில் நிதானமாகத் தேர்ந்தெடுத்தேன். முழுக் கோதுமையிலேயே இருப்பதில் தடித்த ரகம், நாங்கள் இதுவரை வாங்காதது. வேக எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியாத ரகம். வீட்டுக்கு வந்து அவர் கோட்டைத் துவைக்கப் போட்டேன். அதன் பையில் எப்போதும் நாலைந்து மிட்டாய் இருக்கும், சர்க்கரை இறங்கினால் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னது. மிட்டாயோடு துவைத்தால் துணி பிசுபிசுக்கும், எடுத்துக் குப்பையில் போட்டேன். ரொட்டி வாங்கவில்லை, இருந்ததைக் கோழிக்குப் போட்டாயிற்று.

மத்தியானம் சைக்கிள் கேட்டில் மோதுகிற சத்தம் கேட்டது. முதல் நாள் அவ்வளவு பேசியும், பழக்கம் விடுமா. “எர்சிலியா, போடலாம்!” என்றார்.

“போட்டாச்சு!” என்றேன்.

அவர் ஊசியைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்து டிவியைப் போட்டார். எங்கள் ஊரில் புருஷனிடம் எதை வேண்டுமானாலும் மறைப்பார்கள். பாஸ்தாவைப் போட்டேன் என்று பொய் சொன்ன பெண்ணை யாரும் கண்டதில்லை. அவரும் சந்தேகப்படவில்லை. தண்ணீர் நன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தது. நான் மரக்கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தேன், அவர் காதில் விழும்படி.

“என்னடி, இன்னும் வேகலியா?”

“புது ரகம், தடிமன். முழுக் கோதுமை வேக நேரமாகும்.”

கொஞ்ச நேரம் கழித்து, “கை நடுங்குது. ஒரு துண்டு ரொட்டி குடு” என்றார்.

“ரொட்டி தின்னா பாஸ்தா இறங்காது. இதோ ஆச்சு.”

அவர் எழுந்து சமையலறை வாசல்வரை வந்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றி முழுக்க வியர்வை. பாத்திரத்திலிருந்து வந்த ஆவியையே பார்த்தார்.

“இன்னைக்கு வைக்கோல் வாசன வரலியே” என்றார்.

“ஜன்னல் தொறந்திருக்கு. போய் உக்காரு, கொண்டுவரேன்.”

போய் உட்கார்ந்தார். சொன்னதைக் கேட்டார் பாருங்கள், அந்த ஒரு நேரம் எனக்கு அவர் மேல் பாசமாக இருந்தது. பிறகு அவர் பேசவில்லை. தலை மேசையில் சாய்ந்தது. டாக்டருக்கு ஒரு போன் செய்திருக்கலாம், போன் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் தீயைக் குறைத்துவிட்டு, இன்னொரு அடுப்பில் வெங்காயத்தை வதக்கினேன். வெங்காயத்தை அவசரப்படுத்தினால் கருகிவிடும். நெத்திலி கரையும்வரை பக்கத்திலேயே நின்றேன். தண்ணீர் சுண்டச் சுண்ட ஊற்றிக்கொண்டேன். அவர் மூச்சுச் சத்தம் முதலில் குறட்டைபோல் இருந்தது, அப்புறம் நின்றுவிட்டது.

சாயங்காலம் ஜெல்மினா வந்தாள், கையில் மகள் கொடுத்துவிட்ட ஏதோ பொட்டலம். அவரைப் பார்த்ததும், “ஐயோ, சர்க்கரை எங்க? சர்க்கரை குடுடி!” என்று கத்திக்கொண்டு என் சமையலறைக்குள் ஓடினாள். “இந்த வீட்டுல சர்க்கரை கெடையாது ஜெல்மினா, உனக்குத் தெரியாதா” என்றேன். அவள் அலமாரிகளைத் திறந்து திறந்து பார்த்தாள். கடைசியில் பாத்திரத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

மாரடைப்பு என்று டாக்டர் எழுதி முடிந்திருக்க வேண்டியது. தண்ணீர் தெளிவாக இருந்தது என்று உங்களிடம் வந்து சொன்னவள் அவள்தான். முழுக் கோதுமை ஒரு நிமிஷம் கிடந்தாலும் தண்ணீர் கலங்கும். பாஸ்தாவைப் பற்றி ஒன்றுமே தெரியாதவள் என்று நான் நினைத்திருந்தேன்.

ஆக, ஆமாம், போடவில்லை. போட்டேன் என்று சொல்லிவிட்டுப் போடவில்லை. அவர் சாக வேண்டும் என்றுதான் போடவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். விஷம் வைக்கவில்லை, கை ஓங்கவில்லை. ஒரு வேளை சமைக்காமல் இருந்தேன். அத்தனை வருஷம் சமைத்ததை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு வீடு அமைதியாக இருந்தது. தண்ணீர் இருந்தது, குழம்பு இருந்தது, வீணாக்க மனசில்லை. அடுப்பைப் பற்றவைத்துப் பாஸ்தாவை நிறுத்துப் போட்டேன். நல்ல ரகம், கடிக்க இதமாக இருந்தது. தட்டில் எடுக்கும்போதுதான் கவனித்தேன், கை பழக்கத்தில் அவருடைய பங்கையும் சேர்த்துப் போட்டிருந்தது. அவர் மேல் எனக்கு அன்பில்லை என்று ஜெல்மினா சொன்னால் இதை அவளிடம் சொல்லுங்கள். இரண்டு பேர் பங்கையும் நான் ஒருத்தியே உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்தும் பசி அடங்கவில்லை, தம்பி. துக்கத்தில் அப்படித்தான் பசிக்கும்போல.